உபுண்டுவில் ஓடுது, ரூட்டரில் மெமரி ஏறுது: ரீஅலொக் ஏன் இடத்துக்கிடம் மாறுது?

நீர்மானி_மட்டு (மட்டக்களப்பு)

குளத்து நீர்மட்டம் பதியும் சி நிரல் ஒன்று. உணரிகள் அனுப்பும் வரிகளை ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான லினக்ஸ்) ஓடும் சின்ன ரூட்டர் வாங்குது (64 எம்பி ரம், 32 பிட் மிப்ஸ்). அன்றைய பதிவுகளை ஒரு அரேயில் சேர்த்து, இணைப்புக் கிடைக்கும்போது சேர்வருக்கு அனுப்பிப்போட்டு அரேயைக் காலியாக்குது. எழுதிப் பார்ப்பது உபுண்டு மடிகணினியில். பதிவுகளைத் திறந்து பார்க்க விண்டோஸில் ஒரு நிரலும் இருக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே மூலக்கோடுதான்.

நடப்பது இது:

உபுண்டுவில் எப்போதாவது "டபுள் ஃப்ரீ டிடெக்டட் இன் டிகேஷ் 2" (ஒரே மெமரியை இரண்டு தடவை விடுவித்தாய்) என்று எழுதிவிட்டு நிரல் நின்றுபோகுது. ரூட்டரில் அந்தச் செய்தி வருவதே இல்லை. ஆனால் ரூட்டரில் மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுது, உபுண்டுவில் ஏறுவதில்லை. நாளின் உச்ச நீர்மட்டம் ரூட்டரில் மட்டும் சில வேளை குப்பை எண்ணாக வருது. விண்டோஸில் ஒரு டிஎல்எல் (தனியாக ஏறும் லைப்ரரிக் கோப்பு) தரும் மெமரிப் பிளொக்கைப் பெருப்பிக்கும் இடத்தில் கிராஷ்.

சந்தேகமான வரிகள் (பெயர்களை விளங்கும்படி மாற்றியிருக்கிறேன்; ரீஅலொக் என்பது வாங்கிய மெமரிப் பிளொக்கின் அளவை மாற்றும் செயற்கூறு, ஃப்ரீ அதை விடுவிப்பது, நல் என்பது எதையும் காட்டாத பொயின்டர்):

    புதுசு = ரீஅலொக்(செய்தி, நீளம்);
    புதுசு == நல் எனில்: ஃப்ரீ(செய்தி); தோல்வி என்று திரும்பு

    ரீஅலொக்(செய்தி, 0); // அனுப்பி முடிந்ததும் விடுவிக்க
    செய்தி = நல்;

    பதிவுகள் = ரீஅலொக்(பதிவுகள், எண்ணிக்கை * 48);

ஒரு பதிவு 48 பைட். "நீளம்" என்பது வரியின் முன்பின் வெற்றிடத்தை நீக்கிய பிறகு மிஞ்சும் நீளம். நீளத்தைத் தனியாக வைத்திருப்பதால் முடிவுப் பூச்சியத்துக்கு இடம் சேர்ப்பதில்லை. உச்ச மட்டத்துக்கு, அந்தப் பதிவின் முகவரியை "உச்சம்" என்ற பொயின்டரில் வைத்திருக்கு.

மாரி தொடங்கினால் வரிகள் பல மடங்காகும். அதுக்கு முன்னம் இதைச் சரிப்படுத்த வேணும். தெரிந்தவர்கள் ஒருக்கா பாருங்க.

---

சம்மாந்துறை_நிரலர்

தம்பி, முதல் இரண்டு குறைக்கும் வேர் ஒன்றுதான்: அளவு பூச்சியமாக ரீஅலொக்கை அழைப்பது. ரீஅலொக்கைத் தருவது சி லைப்ரரி: உபுண்டுவில் இருப்பது ஜிலிப்சி, ஓப்பன்டபிள்யூஆர்டியில் இருப்பது மஸல். இந்த இடத்தில் இரண்டும் நேர் எதிராக நடக்கும்.

ஜிலிப்சியில் பூச்சிய அளவு கொடுத்தால் பழைய பிளொக் விடுவிக்கப்பட்டு நல் திரும்பும். விண்டோஸின் சி லைப்ரரியும் அப்படியே. மஸல் அப்படிச் செய்யாது. அது பழையதை விட்டுவிட்டு மிகச் சிறிய ஒரு பிளொக்கைத் தரும், நல் வராது. ஓப்பன்பிஎஸ்டியும் நல் இல்லாத ஒரு முகவரியைத்தான் தரும்.

இப்போது உங்கள் வரிகளை இதோடு வைத்துப் பாருங்க. உணரியிலிருந்து வெற்று வரி ஒன்று வந்தால் "நீளம்" பூச்சியம். ஜிலிப்சி செய்தியை விடுவித்துவிட்டு நல் தருது. உங்கள் கோட் அந்த நல்லைத் தோல்வி என்று எடுத்து ஃப்ரீயை மறுபடி அழைக்குது. டபுள் ஃப்ரீ அங்கேதான். வெற்று வரி வரும்போது மட்டும் நடப்பதால் "எப்போதாவது".

ரூட்டரில் அதே வெற்று வரிக்கு நல் வராது, அதனால் அங்கே கிராஷும் இல்லை. ஆனால் அனுப்பி முடித்து ரீஅலொக்(செய்தி, 0) என்று போடும்போது மஸல் தந்த புதுச் சிறு பிளொக்கின் முகவரியை ஒருவரும் வாங்கவில்லை. அடுத்த வரியில் செய்தியும் நல் ஆகிவிடுது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பிளொக் அனாதையாகும். மஸல் 1.2.1இலிருந்து உள்ள ஒதுக்கியில் மிகச் சிறிய பிளொக்கே 16 பைட் பிடிக்கும். மணிக்கு 1,000 வரி என்றால் நாளுக்கு 24,000 வரி, 3,84,000 பைட். மாரியில் வரி பத்து மடங்கானால் நாளுக்கு 3.8 எம்பி. 64 எம்பியில் கேர்னலும் மற்றச் சேவைகளும் எடுத்தது போக மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால் சில நாளில் கேர்னலே நிரலைக் கொன்றுவிடும்.

எது சரி, எது பிழை என்று லைப்ரரிகளோடு சண்டை பிடித்துப் பயனில்லை. சி நியமமே இதில் மாறிக்கொண்டு வந்தது. சி89இல் "அளவு பூச்சியமாகவும் பொயின்டர் நல் அல்லாததாகவும் இருந்தால் பிளொக் விடுவிக்கப்படும்" என்று இருந்தது; விடுவிக்க இந்த வழியைக் காட்டும் பழைய கோட்கள் அங்கேயிருந்து வந்தவை. சி99இல் அந்த வசனம் எடுபட்டது. சி17 இதை ஒவ்வொரு லைப்ரரியின் தீர்மானத்துக்கு விட்டு, வழக்கொழியும் அம்சம் என்றும் அறிவித்தது. சி23இல் இது வரையறுக்கப்படாத நடத்தை. அதாவது இனிமேல் கொம்பைலர் "பூச்சியம் ஒருபோதும் வராது" என்று வைத்துக்கொண்டு கோட்டை மாற்றி அடுக்கலாம். ஆகவே விடுவிக்க ஃப்ரீ மட்டும்தான்.

எர்ர்னோவை (பிழை எண் வைக்கும் மாறி) பார்த்துத் தோல்வியைப் பிரித்தறியலாம் என்று சிலர் சொல்வார்கள். பொசிக்ஸ் (யூனிக்ஸ் வகை) முறைமைகளில் மெமரி போதாவிட்டால் அதில் ஈநொமெம் என்ற பிழை எண் வரும் என்பது உண்மை. சி நியமம் தன்பாட்டில் அதைக் கேட்பதில்லை. அதை நம்பி எழுதினால் அடுத்த முறைமையில் திரும்பவும் இதே கதைதான்.

உச்ச மட்டம் குப்பையாவது வேறு பிழை. ரீஅலொக் பிளொக்கை இடம் மாற்றினால் "உச்சம்" பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். ஜிலிப்சியில் உங்கள் அரே ஹீப்பின் (பிளொக்குகள் வாங்கப்படும் மெமரிப் பகுதி) நுனியில் இருந்தால் இருந்த இடத்திலேயே நீளும், அதனால் பிழை தெரியாது. மஸலில் அளவு வகுப்பு மாறினால் வேறு இடத்துக்குப் போய்விடும். விட்ட இடத்தை அடுத்த செய்தி பிடிக்கும், அங்கிருந்து நீங்கள் வாசிப்பது அந்தச் செய்தியின் எழுத்துகளை. முகவரி வைக்காதீங்க, சுட்டெண் வையுங்க: உச்சம் 17ஆவது பதிவு என்றால் 17 என்ற எண். அரே எங்கே போனாலும் 17 மாறாது.

"பழைய முகவரியும் புதியதும் ஒன்றா என்று பார்த்து, மாறியிருந்தால் மட்டும் பொயின்டர்களைத் திருத்துவோம்" என்ற தந்திரமும் வேண்டாம். ரீஅலொக் வெற்றியடைந்த பிறகு பழைய பொயின்டரின் பெறுமதியை ஒப்பிடுவதே நியமப்படி செல்லாது. முகவரி மாறவில்லை என்றாலும் அப்படித்தான். ஜிசிசி கொம்பைலர் 12ஆம் பதிப்பிலிருந்து இதற்கு எச்சரிக்கை தரக்கூடியது.

கடைசி வரி, பதிவுகள் = ரீஅலொக்(பதிவுகள், ...) என்பது. மெமரி போதாவிட்டால் ரீஅலொக் நல் தரும், பழைய பிளொக் அப்படியே இருக்கும். ஆனால் நல்லை நேரே பதிவுகளில் எழுதியதால் அன்றைய தரவு முழுவதும் கை தவறிப்போகும். வெள்ள நேரத்தில் அந்தத் தரவுதான் வேணும். ஆகவே இப்படி ஒரு செயற்கூறு எழுதி, நிரலில் வேறெங்கும் ரீஅலொக் என்ற பெயரே வராமல் பண்ணுங்க (சைஸ்_மக்ஸ் என்பது அளவுகளுக்கான சைஸ்_டி வகை தாங்கும் மிகப் பெரிய எண்):

    பெருப்பி(வொயிட் **பொ, எண்ணிக்கை, உருப்படி)
      எண்ணிக்கை == 0 எனில்: ஃப்ரீ(*பொ); *பொ = நல்; வெற்றி
      எண்ணிக்கை > சைஸ்_மக்ஸ் / உருப்படி எனில்: தோல்வி
      புதுசு = ரீஅலொக்(*பொ, எண்ணிக்கை * உருப்படி)
      புதுசு == நல் எனில்: தோல்வி        // *பொ தொடாமல்
      *பொ = புதுசு; வெற்றி

சின்னதாக்கும்போதும் இதே ஒழுங்குதான். குறைப்பது என்றால் தோற்காது, இடம் மாறாது என்று நியமத்தில் எங்கும் இல்லை.

---

கல்லடி_கேர்னல்

சம்மாந்துறை நானா சொன்னதில் ஒன்றே ஒன்று மாற வேணும். வொயிட் ** என்று வாங்குவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வொயிட் * எந்தத் தரவுப் பொயின்டரையும் ஏற்கும், ஆனால் வொயிட் ** அப்படியில்லை. பதிவு ** ஒன்றை வொயிட் ** ஆக மாற்றி அனுப்பினால், உள்ளே *பொ என்று எழுதும்போது வேறு வகைப் பெயரால் அதே இடத்தைத் தொடுவதாகும். மேம்படுத்தும் நிலை இரண்டில் கொம்பைலருக்கு இதை வைத்துப் பழைய பெறுமதியையே பயன்படுத்த உரிமை உண்டு. ஆகவே பொயின்டரை வாங்கிப் பொயின்டரையே திருப்புங்கள். பூச்சியம் வந்தால் 1 பைட் கேளுங்கள்:

    பெருப்பி(வொயிட் *பொ, எண்ணிக்கை, உருப்படி)
      எண்ணிக்கை == 0 எனில்: திருப்பு ரீஅலொக்(பொ, 1)
      எண்ணிக்கை > சைஸ்_மக்ஸ் / உருப்படி எனில்: திருப்பு நல்
      திருப்பு ரீஅலொக்(பொ, எண்ணிக்கை * உருப்படி)

இதன் நன்மை, நல் வந்தால் அதற்கு ஒரே பொருள்: தோல்வி, பழையது உயிரோடு இருக்கு. அழைக்கும் இடத்தில் தற்காலிகப் பொயின்டர் ஒன்றில் வாங்கிச் சோதித்த பிறகே பதிவுகளில் போடுங்கள். முதல் முறை பதிவுகள் நல் ஆக இருந்தாலும் பிரச்சினையில்லை. சி89இலிருந்து அது மலொக் மாதிரியே வேலை செய்யும். அதற்கு முந்திய யூனிக்ஸ்களுக்கு எழுதிய கோட்டில்தான் தனியாக ஒரு நல் சோதனையைக் காண்பீர்கள். அதை இப்போது எடுத்துவிடலாம்.

விண்டோஸ் கிராஷ்: அங்கே ஒரு புரோசஸுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சி லைப்ரரிகள் ஏறி இருக்கலாம். டிஎல்எல்லை மிங்ஜிடபிள்யூவில் (விண்டோஸுக்கான ஜிசிசி) கொம்பைல் பண்ணி, பிரதான நிரலை விஷுவல் ஸ்டூடியோவில் பண்ணினாலே அப்படி நடக்கும். ஒரே விஷுவல் ஸ்டூடியோ என்றாலும், ஒன்றில் லைப்ரரியை உள்ளே சேர்த்து மற்றதில் டிஎல்எல்லாக இணைத்தால், அல்லது ஒன்று டிபக் மற்றது ரிலீஸ் என்றால் இதே நிலைதான். டிபக் லைப்ரரி ஒவ்வொரு பிளொக்கின் முன்னும் தன் கணக்குக்கு ஒரு தலைப்பை வைக்குது. ரிலீஸ் லைப்ரரி தந்த பிளொக்கில் அது இல்லை. இல்லாத தலைப்பை வாசிக்கப் போனால் கிராஷ்தான். சில சேர்க்கைகளில் தற்செயலாக ஓடும், அதை நம்ப வேண்டாம்.

மருந்து: பிளொக்கைக் கொடுத்த டிஎல்எல்தான் அதைப் பெருப்பிக்கவும் விடுவிக்கவும் வேணும். டிஎல்எல்லிலிருந்து மூன்று செயற்கூறுகளை ஏற்றுமதி பண்ணுங்கள், உருவாக்க ஒன்று, பெருப்பிக்க ஒன்று, விடுவிக்க ஒன்று. அல்லது பிரதான நிரல் தன் பஃபரைக் கொடுத்து, டிஎல்எல் அதில் எழுதி, போதாவிட்டால் தேவையான அளவைச் சொல்லும்படி மாற்றுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. மெமரி யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது.

இதே வகையில் இன்னொன்று. _அலைன்ட்_மலொக்கில் (முகவரி குறித்த எண்ணின் மடங்காக, அதாவது ஒழுங்காக, வரும்படி வாங்குவது) வாங்கியதைச் சாதாரண ரீஅலொக்குக்குக் கொடுக்கக் கூடாது. விண்டோஸில் அதற்கென்று _அலைன்ட்_ரீஅலொக்கும் _அலைன்ட்_ஃப்ரீயும் இருக்கு. லினக்ஸில் அதே வேலை செய்யும் பொசிக்ஸ்_மெமலைன் தந்ததை ரீஅலொக்குக்குக் கொடுக்கலாம், ஆனால் இடம் மாறினால் கேட்ட ஒழுங்கு போய்ச் சாதாரண ஒழுங்குதான் கிடைக்கும். ஒழுங்கு வேணும் என்றால் புதிதாக வாங்கி, மெம்கொப்பி பண்ணி, பழையதை விடுவிப்பதே வழி.

---

நீர்மானி_மட்டு

நன்றி நானா, அண்ணா. சுட்டெண்ணும் பெருப்பியும் விளங்கிற்று. இன்னும் இரண்டு கேள்வி.

சேமித்த கோப்பைத் திரும்ப வாசிக்கும்போது, பதிவு எண்ணிக்கை கோப்பின் தலைப்பிலேயே இருக்கு. கோப்பு எங்களுடையதுதானே, அதற்கும் அந்தப் பெருக்கல் சோதனை தேவையா?

உணரிப் பக்கம் ஆர்டுயினோ யூனோ ஆர்3 (சின்ன மைக்ரோகண்ட்ரோலர் பலகை). அதிலும் இதே பெருப்பியைப் போட்டால் சரிவருமா?

---

அக்கரைப்பற்று_போர்ட்

கோப்பு உங்களுடையது என்றாலும் சோதனை கட்டாயம். மின்சாரம் போகும் நேரத்தில் பாதி எழுதிய தலைப்பில் எந்த எண்ணும் இருக்கலாம். 32 பிட் ரூட்டரில் கணக்கைப் பாருங்க: தலைப்பில் 8,94,78,486 என்று இருந்தால் அதை 48ஆல் பெருக்க 4,29,49,67,328 வரும். சைஸ்_டி தாங்குவது 4,29,49,67,295 வரைதான். மிஞ்சி விழுவது 32. ரீஅலொக் சந்தோஷமாக 32 பைட் தரும், அது ஒரு பதிவுக்கே போதாது. முதல் பதிவை எழுதும்போதே அடுத்தவன் காணிக்குள் போய்விடுவீர்கள். 64 பிட் உபுண்டுவில் அதே கோப்பு 4 ஜிபிக்குக் கொஞ்சம் கூடக் கேட்கும். லினக்ஸ் பெரும்பாலும் அதைக் கொடுத்தும் விடும், ஆகவே அங்கே சோதித்தால் பிழை தெரியாது. சைஸ்_மக்ஸ் சோதனையோடு சேர்த்து, கோப்பின் உண்மையான அளவை 48ஆல் வகுத்து, தலைப்பு சொல்லும் எண் அதைத் தாண்டினால் கோப்பை ஏற்க வேண்டாம்.

எண்ணிக்கையை லோங்கில் வைக்காதீங்க. 64 பிட் லினக்ஸில் லோங் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். சைஸ்_டி எங்கும் பொருந்தும்.

பெருக்கலைத் தானே சோதிக்கும் ரீஅலொக்அரே ஓப்பன்பிஎஸ்டி 5.6இல் 2014இல் வந்தது, ஜிலிப்சி 2.26இல் 2017இல் சேர்ந்தது, 2024 பொசிக்ஸிலும் இருக்கு. விஷுவல் ஸ்டூடியோவில் இல்லை. பூச்சியப் பிரச்சினையும் அதில் அப்படியே கிடக்கு. உங்களுக்கு மூன்று இடத்திலும் ஓட வேணும் என்பதால் கல்லடி அண்ணன் தந்த நாலு வரியே மேல்.

புதிதாகச் சேர்ந்த பகுதியில் என்ன இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. முதலில் கலொக்கில் (பூச்சியமாக்கித் தருவது) வாங்கியிருந்தாலும் ரீஅலொக் நீட்டிய பகுதியைப் பூச்சியமாக்காது. உபுண்டுவில் கேர்னலிடமிருந்து புதிதாக வந்த பக்கம் பூச்சியமாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய எண்ணிக்கையிலிருந்து புதியது வரை மெம்செட் பண்ணுங்க.

யூனோவுக்கு என் பதில்: வேண்டாம். அங்கே ரம் மொத்தமே 2,048 பைட், ஸ்டாக்கும் அதற்குள்தான். 600 பைட் அரேயை 1,200 ஆக்கும்போது பக்கத்தில் இடம் இல்லையென்றால், கொப்பி முடியும்வரை இரண்டும் சேர்ந்து 1,800 பைட் வேணும். அதுவும் 1,200 பைட் ஒரே தொடராக. இடையில் ஒரு சின்னப் பிளொக் கிடந்தாலே போச்சு. சைஸ்_டியும் அங்கே 16 பிட்: 1,366 பதிவு என்று கேட்டால் அதே மாதிரி 32 பைட்தான் வரும். நிலையான அரே ஒன்றை வட்டமாகப் பாவியுங்க. யூனோவில் 48 பைட் பதிவு தேவையில்லை. நேரத்துக்கு 4 பைட், மில்லிமீற்றரில் மட்டத்துக்கு 2 பைட், 100 பதிவுக்கு 600 பைட். ஆர்டுயினோவின் ஸ்ட்ரிங் வகுப்பும் உள்ளுக்குள் ரீஅலொக்கைத்தான் அழைக்குது, எழுத்து எழுத்தாக ஒட்டினால் ஒவ்வொரு முறையும். ஆகவே ரிசேர்வ் பண்ணுங்க, அல்லது சார் அரே.

பிறகு ஈஎஸ்பி32 அல்லது எஸ்டிஎம்32க்கு மாறினால் இதையும் மனதில் வையுங்க: அப்படியான சின்னச் சிப்களில் ஓடும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இயங்குதளத்துடன் வரும் ஹீப் கோப்புகளில் ரீஅலொக் இல்லை. அதன் பிவிபோர்ட்மலொக்கில் வாங்கியதை சி லைப்ரரியின் ரீஅலொக்குக்குக் கொடுத்தால் இரண்டு வேறு ஹீப்புகளைக் கலப்பதாகிவிடலாம். ஈஎஸ்பி32இன் சொந்தத் தொகுப்பில் மட்டும் ஹீப்_கப்ஸ்_ரீஅலொக் என்று தனியாக ஒன்று இருக்கு.

---

சம்மாந்துறை_நிரலர்

கல்லடி தம்பி சொன்ன திருத்தம் சரி, அந்த வடிவத்தையே எடுங்க.

ரூட்டரில் எவ்வளவாகப் பெருப்பிப்பது என்பதையும் யோசிக்க வேணும். ஒவ்வொரு பதிவுக்கும் 48 பைட் கூட்டுவது லினக்ஸில் வேகமாகத் தெரியலாம், ஏனென்றால் பெரிய பிளொக்குகளைக் கேர்னல் எம்ரீமெப் மூலம் கொப்பி இல்லாமல் நீட்டித் தருது. ஜிலிப்சியில் அந்த எல்லை வழமையாக 128 கேபியில் தொடங்கும். விண்டோஸில் அந்த வசதியை நம்ப முடியாது. இரட்டிப்பாக்கினால் கொப்பி குறையும், ஆனால் 8 எம்பி 16 ஆகும் கணத்தில் 24 எம்பி தேவைப்படலாம், 64 எம்பி ரூட்டருக்கு அது பாரம். ஒன்றரை மடங்கு போதும். இரட்டிப்போ ஒன்றரையோ நல் வந்தால், தேவையான சரியான அளவை ஒருக்கா கேட்டுப் பாருங்க. அதுவும் இல்லையென்றால் அரேயில் உள்ளதைக் கோப்பில் எழுதிவிட்டுச் சுட்டெண்ணைப் பூச்சியமாக்கி அதே பிளொக்கை மறுபடி பாவியுங்க.

சோதனைக்கு:

அட்ரஸ் சனிடைசரை (மெமரிப் பிழை பிடிக்கும் கொம்பைலர் வசதி) போட்டு உபுண்டுவில் ஓட்டுங்க. அதன் ரீஅலொக் எப்போதும் புது இடத்துக்குத்தான் மாற்றும், ஆகவே "உச்சம்" மாதிரிப் பழைய பொயின்டர் எங்காவது ஒளிந்திருந்தால் முதல் வாசிப்பிலேயே வரி எண்ணோடு காட்டும்.

மெமரிப் பிழை தேடும் கருவியான வால்கிரின்ட் 3.21 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் பூச்சிய அளவு ரீஅலொக்கைத் தனிப் பிழையாகவே அறிவிக்கும். உபுண்டுவின் பழைய வெளியீட்டில் பதிப்பு குறைவாக இருக்கலாம், முதலில் பதிப்பைப் பாருங்க.

மஸலில் சோதிக்க ரூட்டரைத் தேட வேண்டியதில்லை. டொக்கரில் அல்பைன் லினக்ஸை எடுத்து அதற்குள் கொம்பைல் பண்ணுங்க, அதுவும் மஸல்தான். வெற்று வரியையும் சாதாரண வரியையும் மாறிமாறி ஒரு இலட்சம் தடவை ஊட்டி, புரோசஸின் மெமரியை முன்னும் பின்னும் ஒப்பிடுங்க.

தோல்விப் பாதைதான் எப்போதும் சோதிக்காமல் விடப்படுவது. குனு லிங்கரின் ரெப் தெரிவில் ரீஅலொக்கின் பெயரைக் கொடுத்தால் எல்லா அழைப்பும் __ரெப்_ரீஅலொக் என்று நீங்கள் எழுதும் செயற்கூறுக்கு வரும். அதில் ஒரு எண்ணியை வைத்து முதல் ஓட்டத்தில் 1ஆவது அழைப்புக்கு நல், அடுத்த ஓட்டத்தில் 2ஆவதுக்கு நல் என்று கடைசி அழைப்புவரை கொண்டுபோங்க. ஒவ்வொரு ஓட்டத்திலும் அன்றைய பதிவுகள் கோப்பில் முழுதாக இருக்கா என்று பாருங்க. பூச்சிய அளவு வந்தால் அங்கேயே அபோர்ட் பண்ணும் ஒரு வரியையும் அதே செயற்கூறில் சேர்த்துவிடுங்க.

---

நீர்மானி_மட்டு

அல்பைனில் ஓட்டிப் பார்த்தேன், ரூட்டரில் போலவே மெமரி ஏறுது. செய்தியை விடுவிக்கும் வரியை ஃப்ரீ ஆக்கியதும் ஏற்றம் நின்றது. டிஎல்எல்லுக்குக் கல்லடி அண்ணன் சொன்ன இரண்டாவது வழியை எடுக்கிறேன். ரெப் சோதனையில் 3ஆவது அழைப்பில் நல் கொடுத்தால் இன்னும் ஒரு இடம் உடையுது. அது வரி வெட்டும் செயற்கூறு, அங்கே நல் சோதனையே இல்லை. அதைத் திருத்தியதும் முழுக் கோட்டையும் இங்கே போடுறேன்.